காலி வீட்டில் ஒரு பல் செட்

புரோக்கர் கதவைத் திறந்ததும் பினாயில் வாசனை மூக்கில் ஏறியது.

“பாருங்க மேடம், கண்ணாடி மாதிரி துடைச்சு வெச்சிருக்கோம். ரெண்டு படுக்கையறை, தண்ணிக்குக் குறையே கிடையாது.”

“இதுக்கு முன்னாடி இங்க யாருமே இருந்த மாதிரித் தெரியலையே?” என்றார் டீச்சர்.

“அப்படித் தெரியக் கூடாதுன்னுதானே மேடம் துடைச்சது.”

டீச்சர் சிரித்துவைத்தார். பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்த காலத்தில், யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பதைத் தப்பான விடைகளை வைத்தே பிடித்துவிடுவார். சரியான விடை எல்லோருக்கும் ஒன்றுதான், தப்புதான் ஆளுக்கு ஆள் மாறும் என்பார். பள்ளிக்கூடத்தை விட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் பெயர் மாறவில்லை, பழக்கமும் மாறவில்லை.

கூட வந்திருந்தவர் ஸ்பீடு. வயது ஐம்பதுக்கு மேல். எந்த நிறுத்தத்துக்கும் நேரத்துக்குப் போய்ச் சேராத ஒரே காரணத்துக்காக பஸ் டிரைவர் வேலையை இழந்தவர். அந்தப் பெயரை வைத்தது அவரோடு வேலை பார்த்த கண்டக்டர்.

இருவரும் வீடு வாங்க வந்தவர்களாக நடித்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் தேடி வந்தது ஒரு மனுஷியை.

வீடு ஓர் அக்காவுக்கும் தம்பிக்கும் பொது. அம்மா இறந்த பிறகு கைக்கு வந்தது. அதில் இருபது வருஷத்துக்கு மேலாக வாடகைக்கு இருந்தவர் டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி. தெருவுக்கே டெலிபோனம்மா. மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள் திடீரென்று ஆள் இல்லை. “சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறேன்னு காலி பண்ணிட்டாங்க” என்றானாம் தம்பி. “அவங்களுக்குச் சொந்தம்னு ஒரு ஈ காக்கா கிடையாது. எப்படியாவது கண்டுபிடிச்சுக் கொடுங்க. தம்பிக்கு மட்டும் தெரியக் கூடாது” என்று நேற்று டீச்சரிடம் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அக்கா.

“வாசல் போர்டுல ‘வீடு விற்பனைக்கு’ன்னு இருக்கே. அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை மேல வெள்ளை அடிச்சிருக்கீங்களே?” டீச்சர் கேட்டார்.

“‘காலி’ங்கற வார்த்தை மேடம்.”

“காலியவே காலி பண்ணிட்டீங்க” என்றார் ஸ்பீடு.

புரோக்கர் மனசு விட்டுப் பேசினார். “ரயில் நிலையம் இந்தத் தெருவுக்குப் பின்னாடிதான் வருதுன்னாங்க சார். அடுக்குமாடி கட்டறவங்க அடிச்சுப் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. அவங்களுக்கு வீடு எதுக்கு? மனைதான் வேணும். ஆள் குடியிருந்தா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. கடைசியில நிலையத்தை ஊருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயிட்டாங்க. கட்டறவங்களும் அங்க போயிட்டாங்க.”

“இப்ப யாரு வாங்கறாங்க?”

“இப்ப வேற மாதிரி ஆளுங்க மேடம்...” அதற்குள் அவருடைய போன் அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போனார்.

டீச்சர் அறை அறையாகப் பார்த்தார். சுவரில் ஒரு ஆணிகூட மிச்சமில்லை. அடுப்படி மேடையைச் சுரண்டிக் கழுவியிருந்தார்கள். ஸ்பீடு குளியலறைக்குள் போய், கண்ணாடி பதித்த சின்ன அலமாரி முன்னால் நின்று மீசையை ஒதுக்கிக்கொண்டார். கண்ணாடியில் ஒரு கீறல் முகத்தைக் கோணலாகக் காட்டியது. எரிச்சலோடு அதைத் திறந்தார்.

“டீச்சர்! இந்த வீடு நம்மளைப் பார்த்துச் சிரிக்குது.”

உள்ளே ஒரு கண்ணாடி டம்ளர். அதில் முழு பல் செட், மேல் வரிசையும் கீழ் வரிசையும். பக்கத்தில் காதில் மாட்டும் மிஷின். டம்ளரில் தண்ணீர் வற்றி விளிம்போரம் வெள்ளைக் கோடு படிந்திருந்தது.

டீச்சர் இரண்டையும் கைக்குட்டையில் சுருட்டிப் பைக்குள் போட்டார். “வீட்டையே துடைச்சவன் கண்ணாடியைத் துடைச்சிருக்கான். கண்ணாடிக்குப் பின்னாடி அலமாரி இருக்கும்னு யோசிக்கலை. வாங்க.”

காரில் உட்கார்ந்ததும் ஸ்பீடு ஆரம்பித்தார். “அவசரத்துல மறந்துட்டுப் போயிருப்பாங்களோ? நான்கூட ஒரு தடவை செருப்பை மறந்துட்டு...”

“செருப்பில்லாமப் பேசலாம். பல்லு இல்லாம அவங்களால பேச முடியுமா?”

ஸ்பீடு யோசித்தார். “காது மிஷினும் இல்லை. நாம சொல்றது அவங்களுக்குக் கேக்காது. அவங்க சொல்றது நமக்குப் புரியாது.”

“ராத்திரி படுக்கும்போது கழட்டி வைக்கிற பொருள் ரெண்டு. ரெண்டும் வெச்ச இடத்துல இருக்கு. அப்படின்னா?”

“காலையில எடுத்து மாட்டறதுக்கு முன்னாடியே ஆளைக் கிளப்பிட்டாங்க.” ஸ்பீடு குரலைத் தாழ்த்தினார். “டீச்சர், கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. ஒருவேளை முடிச்சிருப்பானோ?”

“கொல்றதுக்குத் தைரியம் வேணும். இவன் பினாயில் வாங்கித் துடைக்கிற ஆளு. காசைக் கொடுத்தா வயசானவங்களை வாங்கிவெச்சுக்கிட்டுக் கேள்வி கேக்காத இடம் எது?”

“முதியோர் இல்லம். ஆனா அங்கயும் சொந்தக்காரங்க வந்து சேர்க்கணுமே? அடையாள அட்டை கேப்பாங்க. வீட்டுக்காரன் வாடகைக்கு இருக்கறவங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது.”

“மகன் அம்மாவைச் சேர்க்கலாம் இல்லையா?”

“அவன் அம்மாதான் செத்துப்போய்...” ஸ்பீடு பாதியில் நிறுத்தினார்.

டீச்சர் அக்காவுக்குப் போன் போட்டு, இறந்துபோன அம்மாவின் முழுப் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மாவின் அடையாள அட்டை எங்கே என்றும் கேட்டார். எல்லாம் தம்பியிடம்தான் இருக்கிறது என்றாள் அக்கா.

“ஸ்பீடு, டெலிபோனம்மாவைத் தேடறதை விடுங்க. செத்துப்போன அம்மாவைத் தேடுங்க.”

நகரத்தைச் சுற்றியிருந்த இல்லங்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டார் ஸ்பீடு. குரலை இறுக்கி, கொஞ்சம் மூக்கால் பேசினார். பணக்கார மகன்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்பது அவர் எண்ணம். அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று பல இடங்களில் வைத்துவிட்டார்கள். கடைசியாக ஓர் இடத்தில், பெயரைச் சொன்னதுமே ஒரு நர்ஸின் குரல் பொரிந்து தள்ளியது.

“சார், நீங்களா? சேர்த்துவிட்டதோட சரி, ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கலையே? அம்மா ஒரே புலம்பல் சார். வாயில பல்லு இல்லையா, ஒண்ணும் விளங்கலை. ஒரே ஒரு வார்த்தைதான் விளங்குது. வீட்டுக்காரரு, வீட்டுக்காரருங்கறாங்க. அவரைக் கூப்பிடச் சொல்லித்தான் அழறாங்க போல. அப்பா செத்து ரொம்ப வருஷமாச்சுன்னு நீங்க சொன்னீங்களே, அதான் நாங்களும் மாத்திரை போட்டுத் தூங்கவெச்சிடறோம்.”

ஸ்பீடு போனை வைத்துவிட்டு டீச்சரைப் பார்த்தார்.

“ஸ்பீடு, வீட்டுக்காரர்னா யாரு?”

“புருஷன்.”

“இன்னும்?”

ஸ்பீடு தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் வண்டியைக் கிளப்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு லாரியை முந்தினார்.

*

இல்லம் ஒரு பழைய மாடி வீடு. ஜன்னல்களுக்கு வலை அடித்திருந்தார்கள். கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. கடைசிக் கட்டிலில் எலும்புக்கூடு மாதிரி ஓர் அம்மாள். தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். இரண்டு மணிக்கட்டும் துணியால் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தது.

“ஓடிப்போகப் பார்ப்பாங்க, அதான்” என்றாள் நர்ஸ். “வேற ஒண்ணும் தொந்தரவு இல்லை. புருஷன் நினைப்பு மட்டும்தான். இங்க பாதிப் பேரு வீட்டுக்காரரைத்தான் கேக்கறாங்க.”

ஸ்பீடு மற்றக் கட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

டீச்சர் கட்டை அவிழ்த்தார். துணி இருந்த இடத்தில் தோல் கறுத்து உரிந்திருந்தது. கைக்குட்டையைப் பிரித்துக் காட்டியதும் அந்த அம்மாள் குழந்தையைப் போல இரண்டு கையையும் நீட்டினார். பல் செட்டைக் கழுவிக் கொடுத்தார் ஸ்பீடு. ஈறு சுருங்கிப்போயிருந்தது. பல் ஒட்டாமல் ஆடியது. அந்த அம்மாள் அதை அழுத்தி மாட்டிக்கொண்டு, மிஷினைக் காதில் வைத்துத் திருகினார். அது ஒரு தடவை கீச்சிட்டுவிட்டு வேலை செய்ய ஆரம்பித்தது.

டெலிபோனம்மா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மூன்றாவது கட்டிலில் ஒருத்தி விடாமல் முனகிக்கொண்டிருந்தாள்.

“இந்தம்மா இவ்வளவு நாளா இப்படியா கத்திக்கிட்டு இருந்தாங்க? நான் தூங்கறாங்கன்னு நினைச்சேன்.” அந்தக் குரல் தெளிவாக, ஒரு எண்ணைத் திருப்பிச் சொல்வதைப் போல நிதானமாக வந்தது. நர்ஸ் ஓரடி பின்னால் போனாள்.

“நர்சம்மா, வீட்டுக்காரர்னு நான் சொன்னது வாடகை வாங்கறவரை. புருஷனை இல்லை. எனக்குக் கல்யாணமே ஆகலை.”

நர்ஸின் முகம் வெளுத்தது. “மகன்னு அவரே சொன்னாரும்மா, அட்டை எல்லாம் காட்டினாரு...” என்று இழுத்தவள், மேலாளரைக் கூப்பிடுவதாகச் சொல்லி நழுவினாள். மேலாளர் கடைசிவரை வரவில்லை.

“எப்படிம்மா அவன் கூட வந்தீங்க?” டீச்சர் கேட்டார்.

“அவன்கிட்ட ஒரு சாவி இருக்கு. விடியறதுக்கு முன்னாடி வந்து உலுக்கி எழுப்பினான். ‘அக்கா, ஆஸ்பத்திரி’ன்னு வாயசைச்சான். நெத்தியில கை வெச்சு ரத்தம்னு காட்டினான். அந்தப் பொண்ணை எனக்குச் சின்ன வயசுலேர்ந்து தெரியும். அவளுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு போட்டது போட்டபடி வண்டியில ஏறிட்டேன். பல்லைப் பத்தியா நினைக்கத் தோணும்?” டீச்சரின் கையைப் பிடித்தார். “அவ நல்லாத்தானே இருக்கா?”

“நல்லா இருக்காங்க. அவங்கதான் உங்களைத் தேடச் சொன்னது. வந்துக்கிட்டு இருக்காங்க.”

அப்போதுதான் அந்த அம்மாள் அழுதார். தன் மணிக்கட்டைப் பார்த்தபோது வராத கண்ணீர் அது.

அக்கா வந்தாள். ஓடி வந்து கட்டிக்கொண்டாள். “ஆன்ட்டி, எப்படி இளைச்சுப் போயிட்டீங்க!” என்று விசும்பினாள். கையில் ஒரு பை. அதில் புதுத்துணி, சீப்பு, பவுடர் டப்பா. “எழுந்து நடக்க முடியுதா ஆன்ட்டி? ரெண்டு அடி நடந்து காட்டுங்க.”

டெலிபோனம்மா கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து நடந்தார். “சமையல் எல்லாம் தனியாப் பண்ணிக்குவீங்கதானே?” அக்கா அந்தக் குட்டை முடியைச் சீப்பால் படிய வாரிவிட்டாள். கொஞ்சம் தள்ளி நின்று, கடையில் பொருளைப் பார்ப்பதைப் போலப் பார்த்தாள்.

டீச்சருக்கு உறுத்தியது. “ஒரு நிமிஷம் வாங்க” என்று அவளை ஜன்னல் பக்கம் அழைத்துப்போனார்.

“போர்டுல ‘காலி’யை அழிக்கச் சொன்னது யாரு?”

அக்கா தயங்கவில்லை. “நான்தான்.”

“இப்ப வீட்டை வாங்கறது யாரு?”

“வேலையிலேர்ந்து ஓய்வானவங்க. வர்ற பணத்தை வீட்டுல போட்டு, மாசாமாசம் வாடகை வாங்கிச் சாப்பிடலாம்னு பார்க்கறாங்க.” குரலைத் தாழ்த்தினாள். கட்டிலில் இருந்தவரின் காதில் இப்போது மிஷின் இருந்தது அவளுக்கு நினைவில்லை. “தெருவுல பாதி வீடு ‘டு-லெட்’ போர்டோட கிடக்கு, புதுசா ஒருத்தரும் குடி வரலை. இருபது வருஷமா ஒழுங்கா வாடகை கொடுத்த ஆளோட வீடுன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்குவாங்க. இன்னிக்குச் சாயங்காலம் ஒருத்தர் வர்றார், அவங்களை நேர்ல பார்க்கணும்னார். தம்பிகிட்ட கேட்டா, எங்க விட்டேன்னு சொல்லவே மாட்டேங்கறான். பயந்து சாகறான்.”

“அவங்க காணாமப்போய் மூணு மாசம் ஆச்சு. நீங்க என்கிட்ட வந்தது நேத்து.”

“ஆமா.”

“அதுக்கு முன்னாடி தேடணும்னு தோணலையா?”

“அப்ப தேவைப்படலைங்க” என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போது அவள் குரலில் துளி வன்மம் இல்லை. டீச்சரை நடுங்கவைத்தது அதுதான். “இப்ப யாருக்கு என்ன நஷ்டம்? அவங்களுக்கு வீடு கிடைக்குது, எங்களுக்கு விலை கிடைக்குது. உங்களுக்கு ஃபீஸ்.”

“அந்தம்மா முனகாம இருந்தா இங்க எல்லாமே கேக்குது” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மூன்றாவது கட்டில்காரி எப்போதோ தூங்கிப்போயிருந்தாள். டெலிபோனம்மா சீப்பைக் கட்டிலில் வைத்துவிட்டு அக்காவையே பார்த்தார்.

அக்காவின் முகம் சிவந்தது. “ஆன்ட்டி, நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

“நீ சொன்னது நல்லா விளங்குச்சும்மா.”

டீச்சர் போனை எடுத்தார். “இது ஆள் கடத்தல். போலீஸுக்குச் சொல்லப் போறேன்.”

“சொல்லுங்க” என்றார் டெலிபோனம்மா. “கேஸ் ஆகும், வீட்டைப் பூட்டுவாங்க. என் சாமான் எல்லாத்தையும் அவன் என்னைக்கோ பழைய கடையில போட்டிருப்பான். கேஸ் முடியறவரைக்கும் நான் எங்க இருக்கறது? உங்க வீட்டுல வெச்சுக்கறீங்களா?”

டீச்சரிடம் மாடியில் ஒரே ஓர் அறை இருந்தது. அதையும் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் போனை இறக்கினார்.

“பார்த்தீங்களா, ஆன்ட்டியே வேண்டாங்கறாங்க” என்று அக்கா பையை எடுத்தாள். “வாங்க ஆன்ட்டி, நம்ம வீட்டுக்குப் போகலாம்.”

“அந்த வீட்டுக்கு நான் வரலை. என்னை உன் தம்பி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ.”

“அங்க எதுக்கு?”

“நான் அவன் அம்மான்னு இங்க எழுதிக் கொடுத்திருக்கான். அம்மாவை மகன்தானே வெச்சுக்கணும்?” டீச்சர் பக்கம் திரும்பினார். “போலீஸுக்கு இன்னிக்குத்தான் சொல்லணும்னு இல்லையே? எப்ப வேணும்னாலும் சொல்லலாம் இல்லையா?”

“சொல்லலாம்மா.”

“அப்ப அது என்கிட்ட இருக்கட்டும். அவன் தினமும் காலையில என் முகத்துல முழிக்கட்டும்.”

*

தம்பி வீட்டு வாசலில் ஸ்பீடு காரை நிறுத்தினார். வழி நெடுக அவர் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. அக்காவின் கார் பின்னாலேயே வந்து நின்றது.

கதவைத் திறந்தவள் தம்பியின் மனைவி. முடி வெட்டப்பட்ட அந்தக் கிழ உருவத்தைப் பார்த்து மிரண்டாள். “யாருங்க வேணும்?”

“உன் புருஷனைக் கூப்பிடும்மா.”

சாப்பிட்ட கையோடு தம்பி வந்தான். பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“நான் யாருன்னு கேக்கறா உன் பெண்டாட்டி” என்றார் டெலிபோனம்மா. “நீயே சொல்லு. அம்மான்னு சொல்லு, இல்ல வாடகைக்கு இருந்தவள்னு சொல்லு. எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம். இவங்க துப்பறியறவங்க. ரெண்டையும் கேட்டுக்குவாங்க.”

தம்பி டீச்சரைப் பார்த்தான். டீச்சர் கையில் போன் இருந்தது. அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

“கேக்கலைப்பா. என் காது உனக்குத் தெரியும்ல?”

“அம்மா... மாதிரி” என்றான் மனைவியிடம்.

“மாதிரி எல்லாம் வேண்டாம்.”

“என்னங்க இதெல்லாம்? அத்தை செத்து அஞ்சு வருஷமாச்சே?” மனைவியின் குரல் உடைந்தது.

தம்பியின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. பயத்தில் வந்த நீர். “அம்மா” என்றான். “உள்ள வாங்கம்மா.”

டெலிபோனம்மா யார் கையையும் பிடிக்காமல் படியேறினார். முகத்தில் வெற்றியும் இல்லை, நிம்மதியும் இல்லை. இனிமேல் அந்த வீட்டில் அவர் சாப்பிடும் ஒவ்வொரு கவளமும் வெறுப்போடுதான் தட்டில் விழும். அது தெரிந்தேதான் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அந்த மனைவி ஓவென்று அழத் தொடங்கியது தெருவரைக்கும் கேட்டது.

“நாம செஞ்சது சரியா டீச்சர்?” ஸ்பீடு கேட்டார்.

டீச்சர் சாத்திய கதவைப் பார்த்தார். ஒரு பெண்ணைக் கட்டிலிலிருந்து அவிழ்த்து, கதவுக்குப் பின்னால் இன்னொரு பெண்ணைக் கட்டிப்போட்டுவிட்டு வந்ததைப் போலிருந்தது அவருக்கு.

பின்னால் நின்ற காரில் சாய்ந்துகொண்டு அக்கா போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரல் கற்கண்டாக இனித்தது. “வாங்க சார், கண்டிப்பா இருப்பாங்க... இல்ல சார், ரொம்ப அமைதியானவங்க... இருபது வருஷமா இருக்காங்க சார்.”

வைத்தாள். நேரத்தைப் பார்த்தாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு நேராக ஸ்பீடுவிடம் வந்தாள்.

“அண்ணே,” என்றாள், “உங்களுக்கு வயசான அம்மா யாராவது இருக்காங்களா?”